கற்பிக்கும் மருத்துவர், நர்ஸ், பிசியோவுக்கான மேற்படிப்பு: தேர்ந்தெடுப்பது முதல் ஆய்வை முடிப்பது வரை

மருத்துவக் கல்லூரியிலோ நர்சிங் கல்லூரியிலோ ஆசிரியராகச் சேரும்போது எம்டி, எம்டிஎஸ், எம்எஸ்சி நர்சிங், எம்பிடி சான்றிதழ்களைச் சரிபார்ப்பார்கள். வகுப்பு எடுக்க வருமா, வினாத்தாள் தயாரிக்க வருமா, ஃபெயிலான மாணவரிடம் எப்படிப் பேசுவது என்று தெரியுமா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. அடுத்த வாரமே 150 பேர் உட்கார்ந்திருக்கும் ஹாலில் மைக்கைக் கையில் கொடுத்துவிடுவார்கள். நமக்கு நடத்தியவர்கள் எப்படி நடத்தினார்களோ அப்படியே நாமும் நடத்திக்கொண்டு போகிறோம். சில வருடம் கழித்து, கற்பித்தலை முறையாகப் படித்தால் என்ன என்ற யோசனை வருகிறது. அந்த யோசனையில் இருப்பவர்களுக்கான வழிகாட்டி இது. எம்எச்பிஇ (மாஸ்டர் ஆஃப் ஹெல்த் புரொஃபஷன்ஸ் எஜுகேஷன்) என்று சுருக்கமாக அழைக்கப்படும், மருத்துவத் துறையில் கற்பிப்பவர்களுக்கான முதுகலைப் படிப்பையும், அதற்கு முந்தைய படிகளையும், உள்ளே போன பிறகு பலர் இடறும் இடங்களையும் பார்க்கலாம்.

முதலில் ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

எந்தப் பல்கலைக்கழகம், எவ்வளவு கட்டணம் என்று தேடுவதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, உங்கள் துறையில் மாணவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று ஒரே ஒரு விஷயத்தை எழுதுங்கள். "மாணவர்களுக்கு ஆர்வமே இல்லை" என்று எழுதினால் அது புலம்பல். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "ஐந்தாம் செமஸ்டர் பிஎஸ்சி நர்சிங் மாணவிகள் டிரிப் ரேட் (நிமிடத்துக்கு எத்தனை துளி ஏற்றுவது) கணக்கைத் தேர்வில் சரியாகப் போடுகிறார்கள், வார்டில் கிளாம்ப்பைத் திருகும்போது தப்பு செய்கிறார்கள்" என்பது கேள்வியாக மாறக்கூடிய சமாச்சாரம். யார், எந்தக் கட்டத்தில், எதைச் செய்யும்போது என்ற மூன்றும் அதில் இருக்கின்றன.

இந்தத் துறையின் படிப்புகள் எல்லாமே ஏதோ ஒரு கட்டத்தில் உங்கள் வேலை இடத்தில் ஒரு திட்டத்தைச் செய்யச் சொல்லும். பாடத்திட்டம் பற்றிய அசைன்மென்ட், மதிப்பீடு பற்றிய அசைன்மென்ட், கடைசியில் ஆய்வு என எல்லாவற்றையும் ஒரே பிரச்சினையைச் சுற்றி எழுதினால் உழைப்பு பாதியாகும். கேள்வி இல்லாமல் சேர்பவர்கள் ஒவ்வொரு அசைன்மென்டுக்கும் புதிதாக ஒரு தலைப்பைத் தேடி, இரண்டாம் வருடத்தில் ஆய்வுத் தலைப்பு கிடைக்காமல் நின்றுவிடுவார்கள். பாதியில் விட்டவர்களைக் கேட்டால் வேலைப்பளு என்பார்கள். கொஞ்சம் தோண்டினால் பெரும்பாலும் இதுதான் கிடைக்கும்.

எந்தப் படியில் ஏறுவது

இந்தியாவில் எம்பிபிஎஸ் ஆசிரியர்களுக்கு முதல் படி தேசிய மருத்துவ ஆணையத்தின் பிசிஎம்இடி. மருத்துவக் கல்வித் தொழில்நுட்பத்தில் அடிப்படைப் பயிற்சி, மூன்று நாள் பயிலரங்கு. இதோடு பிசிபிஆர் என்ற ஆய்வு முறை அடிப்படைப் பயிற்சி. சென்னையில் இருக்கும், ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் ஆன்லைனில் நடத்துவது. இறுதித் தேர்வை மட்டும் மையத்துக்குப் போய் எழுத வேண்டும். 2022-ம் ஆண்டின் ஆசிரியர் தகுதி விதிகள் இணைப் பேராசிரியர் பதவி உயர்வுக்கு இந்த இரண்டையும் கேட்டன. 2025-ல் புதிய விதிகள் வந்திருப்பதால், உங்கள் பதவிக்கு இப்போது எது பொருந்தும் என்பதைக் கல்லூரி எஸ்டாபிளிஷ்மென்ட் பிரிவில் விதியைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் சுருக்கத்தை நம்பிப் பதவி உயர்வைத் தள்ளிப்போட்டவர்கள் உண்டு.

இதற்கு மேல் ஏசிஎம்இ என்ற மேல்நிலைப் பயிற்சி. ஆணையத்தின் நோடல் மையங்களில் நேரடி அமர்வு, நடுவில் உங்கள் கல்லூரியில் ஒரு திட்டம், மறுபடி நேரடி அமர்வு என்று போகும். அதற்கு இணையாக நிற்பது ஃபெய்மர் ஃபெலோஷிப். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 2000-ல் தொடங்கிய, மருத்துவக் கல்விக்கான ஃபெய்மர் அறக்கட்டளையின் வட்டார மையங்கள் இந்தியாவில் மும்பை ஜிஎஸ் மருத்துவக் கல்லூரியில் 2005-லும், லூதியானா சிஎம்சியில் 2006-லும், கோவை பிஎஸ்ஜியில் 2007-லும் வந்தன. இரண்டு வருடப் படிப்பு, வேலையை விட வேண்டாம். விண்ணப்பத்தோடு திட்ட முன்வரைவும் கல்லூரித் தலைமையின் ஆதரவுக் கடிதமும் போக வேண்டும். நாங்கள் கேட்டால் முதுகலைக்கு முன் இதில் ஒன்றை முடிக்கச் சொல்வோம். செலவு குறைவு, தவிர, இந்தத் துறை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

நர்சிங் ஆசிரியர்களுக்கு நிலைமை கொஞ்சம் வேறு. இந்திய நர்சிங் கவுன்சிலின் எம்எஸ்சி பாடத்திட்டத்தில் முதல் வருடத்திலேயே நர்சிங் கல்வி ஒரு தாள்: தியரி 150 மணி, பிராக்டிகல் 150 மணி. மருத்துவர்களுக்கு இந்த அடித்தளம் கிடையாது. ஆகவே எம்எச்பிஇ வகுப்பில் முதல் இரண்டு மாதம் நர்சிங் ஆசிரியர்கள் முன்னால் ஓடுவார்கள். புள்ளியியலும் ஆய்வும் வரும்போது வரிசை மாறும். இருவரும் ஒரே குழுவில் இருப்பது நல்லது; குழு அமைக்கும் உரிமை உங்களுக்கு இருந்தால் வேறு தொழில்காரரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதுகலை என்று வந்தால், உள்நாட்டில் சில பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன. மகாராஷ்டிர சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் அதில் ஒன்று. வெளிநாட்டில் சிகாகோவின் இல்லினாய் பல்கலைக்கழகம், நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட், ஸ்காட்லாந்தின் டண்டி ஆகியவை பழைய, பெயர் பெற்ற இடங்கள். ஆஸ்கி தேர்வு முறை (மாணவர் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய், ஒவ்வொன்றிலும் ஒரு திறனைச் செய்து காட்டுவது) 1975-ல் வெளியுலகுக்கு அறிமுகமானது டண்டியிலிருந்துதான்.

ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்: எம்எச்பிஇ எந்த இடத்திலும் எம்டிக்கோ எம்எஸ்சி நர்சிங்குக்கோ மாற்று இல்லை. அதை மட்டும் வைத்து அனாட்டமி துறையில் ஆசிரியராக முடியாது. இருக்கும் தகுதிக்கு மேல் சேரும் ஒன்று அது. தொலைநிலை அல்லது ஆன்லைன் படிப்பாக இருந்தால், பணம் கட்டும் முன் அந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பட்டமாக இருந்தால் இங்கே சமநிலைச் சான்று கிடைக்குமா என்பதை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்குத் தொலைநிலை விதிகள் கடுமையானவை; "எல்லாம் செல்லும்" என்று அட்மிஷன் பிரிவில் சொல்வது போதாது.

மணி நேரக் கணக்கு

விளம்பரத்தில் "பகுதிநேரம்" என்றிருக்கும். அந்தச் சொல்லை விட்டுவிட்டு கிரெடிட்டைப் பாருங்கள். பிரிட்டன் கணக்கில் 1 கிரெடிட் 10 மணி நேர உழைப்பு. முதுகலைக்கு 180 கிரெடிட், அதாவது 1,800 மணி. வருடத்துக்கு 48 வாரம் படிக்க முடியும் என்று வைத்தால், இரண்டு வருடத்தில் முடிக்க வாரம் கிட்டத்தட்ட 19 மணி நேரம், மூன்று வருடத்தில் என்றால் 12½ மணி நேரம். நெதர்லாந்துக் கணக்கில் ஒரு ஐரோப்பிய கிரெடிட் 28 மணி. 60 கிரெடிட் முதுகலை 1,680 மணி. இரண்டு வருடத்துக்கு அதுவும் வாரம் 17½ மணிக்குக் குறையாது.

நைட் ட்யூட்டி, ஓபி, வீட்டில் பிள்ளைகள் என்று இருப்பவருக்கு வாரம் 19 மணி நேரம் ஏது? இருக்காது. ஆகவே பிரிட்டன் பாணிப் படிப்பென்றால் 60 கிரெடிட்டில் சான்றிதழ், 120-ல் டிப்ளமோ, 180-ல் முதுகலை என்று இடையில் இறங்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். முதல் வருடம் சான்றிதழுக்கு மட்டும் பதிவு செய்வது புத்திசாலித்தனம். அதற்கே வாரம் 12½ மணி வேண்டும்.

துறைத்தலைவரிடம் கடிதம் வாங்கும்போது "ஆதரவு அளிக்கிறோம்" என்ற வரி எதற்கும் உதவாது. "ஒவ்வொரு வியாழக்கிழமையும் பிற்பகல் 2 மணி முதல் வகுப்பும் ஓபியும் இல்லை" என்று கிழமையும் நேரமும் போட்டு எழுதி வாங்குங்கள். தலைவர் மாறினாலும் காகிதம் இருக்கும்.

விண்ணப்பக் கட்டுரை

தேர்வுக் குழு படிக்கும் கட்டுரைகளில் பெரும்பாலானவை சிறு வயதிலிருந்தே கற்பிப்பதில் ஆர்வம் என்றுதான் தொடங்கும். நீங்கள் எழுதிவைத்த அந்த ஒரு கேள்வியில் தொடங்குங்கள். பிரச்சினைக்கு ஒரு பத்தி. இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள், ஏன் போதவில்லை என்று ஒரு பத்தி. இந்தப் படிப்பின் எந்தப் பாடம் அதற்கு உதவும் என்று பெயர் சொல்லி ஒரு பத்தி. முடித்த பிறகு கல்லூரியில் எந்தப் பொறுப்பில் இதைப் பயன்படுத்துவீர்கள் என்று ஒரு பத்தி. பரிந்துரைக் கடிதம் எழுதுபவர் உங்கள் வகுப்பை ஒருமுறையாவது பார்த்தவராக இருக்கட்டும். பெரிய பதவியில் இருப்பவர் எழுதும் பொதுப்படையான நாலு வரியைவிட அது எடுபடும்.

உள்ளே என்ன படிப்பீர்கள்: டிரிப் ரேட்டை வைத்தே பார்ப்போம்

பெயர்கள் மாறினாலும் பாடங்கள் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: கற்றல் கோட்பாடு, பாடத்திட்ட வடிவமைப்பு, கற்பிக்கும் முறைகள், மதிப்பீடு, ஆய்வு முறை, தலைமைத்துவம். கோட்பாட்டைத் தனியாக மனப்பாடம் செய்தால் ஒட்டாது. கையில் உள்ள பிரச்சினையைப் போட்டுப் பாருங்கள்.

முதலில் கற்றல் நோக்கம் எழுதச் சொல்வார்கள். "மாணவி டிரிப் ரேட் பற்றிப் புரிந்துகொள்வார்" என்று எழுதினால் சிவப்பு மையில் திரும்பி வரும். புரிந்ததை எப்படிப் பார்ப்பீர்கள்? யார், என்ன செய்வார், எந்தச் சூழலில், எந்த அளவுக்கு என்ற நான்கும் இருக்க வேண்டும். "500 மில்லி நார்மல் சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்ற ஆர்டரையும் ஐவி செட்டையும் கொடுத்தால், ஐந்தாம் செமஸ்டர் மாணவி துளி வேகத்தைக் கணக்கிட்டு, 5 நிமிடத்துக்குள் 2 துளிக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் செட் செய்வார்." இதுதான் சோதிக்கக்கூடிய நோக்கம்.

கணக்கு எளிது. மில்லிக்கு 20 துளி விழும் மேக்ரோ செட் என்றால் 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுக்க வேண்டும்: 41.7, அதாவது 42 துளி. மைக்ரோ செட் மில்லிக்கு 60 துளி. அதில் 125 வரும். பிறகு ஏன் வார்டில் தப்பு வருகிறது? வினாத்தாளில் "டிராப் ஃபேக்டர் 20" (மில்லிக்கு இத்தனை துளி) என்று நாமே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறோம். வார்டில் அந்த எண் செட்டின் கவரில் சின்ன எழுத்தில் இருக்கிறது, கவரோ பிரித்த கையோடு குப்பைத் தொட்டிக்குப் போய்விடுகிறது. மாணவி எந்தச் செட்டாக இருந்தாலும் 20 என்றே எடுத்துக்கொள்கிறார். இன்னொரு தப்பு எண்ணுவதில். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது வழக்கம். 42 துளிக்கு 15 விநாடியில் பத்தரைத் துளி. அரைத் துளியை எண்ண முடியாது. 10 என்று எண்ணினால் 40, 11 என்றால் 44. அரை நிமிடம் எண்ணினால் 21, சரியாக நிற்கும்.

தேவை ஆய்வு என்று பாடத்தில் வருவது இந்த மாதிரிக் கண்டுபிடிப்புதான். வார்டில் பத்து மாணவிகளைச் செட் செய்யச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தால் ஒரு காலைப் பொழுதில் கிடைத்துவிடும். கூகுள் ஃபார்மில் "டிரிப் ரேட்டில் உங்களுக்கு எவ்வளவு தன்னம்பிக்கை" என்று கேட்டால் கிடைக்காது.

அடுத்தது மதிப்பீடு. 1990-ல் வந்த மில்லர் பிரமிடை எல்லாப் படிப்பிலும் முதல் மாதத்திலேயே காட்டுவார்கள்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுவார், நிஜத்தில் செய்வார். இந்தியாவில் 2019-ல் நடைமுறைக்கு வந்த எம்பிபிஎஸ் திறன்சார் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு திறனுக்கும் பக்கத்தில் கே, கேஎச், எஸ்எச், பி என்று போட்டிருப்பது இந்தப் பிரமிடின் படிகள்தான். நம் டிரிப் ரேட் நோக்கம் மூன்றாம் படி. எழுத்துத் தேர்வு அதைத் தொடாது. ஆஸ்கி ஸ்டேஷன் வேண்டும்.

ஸ்டேஷன் அமைப்பதைச் சொல்கிறோம். ஸ்டாண்டில் 500 மில்லி சலைன் இரண்டு, ஒன்றில் மேக்ரோ செட், மற்றொன்றில் மைக்ரோ செட், குழாயின் முனை கீழே வாளியில். இரண்டு செட்டின் கவரும் டிரேயில். விநாடி முள் உள்ள சுவர்க்கடிகாரம். ஆர்டர் எழுதிய ஷீட், ஒரு பேனா, லேபிள். பத்து மதிப்பெண்ணைப் பிரிப்பது இப்படி: ஆர்டரைச் சரிபார்க்க 1, கவரில் டிராப் ஃபேக்டரைப் பார்க்க 2, கணக்குக்கு 2, கிளாம்ப் செட் செய்ய 2, குறைந்தது அரை நிமிடம் எண்ணிச் சரிபார்க்க 2, தொடங்கிய நேரத்தை லேபிளில் எழுத 1. பாட்டிலில் திரவ மட்டம் இறங்க இறங்கத் துளி வேகமும் குறையும். கடைசியில் வரும் மாணவிகளுக்கு அநியாயம் நடக்காமல் இருக்க 15 பேருக்கு ஒருமுறை பாட்டிலை மாற்றுங்கள்.

நேரத் திட்டம் போடாமல் ஆஸ்கி நடத்தினால் மதியச் சாப்பாடு மாலையாகிவிடும். 10 ஸ்டேஷன், ஒவ்வொன்றும் 5 நிமிடம், மாற 1 நிமிடம் என்றால் 10 பேருக்கு ஒரு மணி நேரம். 60 மாணவிகளுக்கு 6 மணி நேரம். இரண்டு வரிசை ஒரே சமயத்தில் ஓடினால் 3 மணி நேரம், ஆனால் 20 தேர்வாளர் வேண்டும். முடித்தவர்களும் காத்திருப்பவர்களும் ஒரே வராந்தாவில் நின்றால் இரண்டாம் சுற்றிலேயே எல்லா ஸ்டேஷனும் வெளியாகிவிடும். போனை வாங்கி வைத்துக்கொண்டு தனி அறையில் உட்கார வையுங்கள். தேர்வாளர்களுக்கு முன்நாளே ஒரு மாணவியின் வீடியோவைக் காட்டி எல்லோரையும் மதிப்பெண் போடச் சொல்லுங்கள். ஒருவர் 4, இன்னொருவர் 9 போடுவதை அப்போதே பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். "கவரைப் பார்த்தியாம்மா?" என்று தூண்டிவிடும் இளகிய மனசுக்காரர்கள் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்கள். என்ன பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பதை ஷீட்டிலேயே அச்சடித்துவிடுங்கள்.

எம்சிக்யூ (தரப்பட்ட விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி) ஆய்வும் கட்டாயம் வரும். மருத்துவர்கள் பயப்படுவார்கள், பயப்பட ஒன்றுமில்லை. 100 பேர் எழுதிய தேர்வில் மதிப்பெண் வரிசைப்படி மேலே 27 பேர், கீழே 27 பேர். ஒரு கேள்விக்கு மேல் குழுவில் 22 பேர், கீழ்க் குழுவில் 9 பேர் சரியாக விடை அளித்திருக்கிறார்கள். 31-ஐ 54-ஆல் வகுத்தால் 57 சதவீதம்: கடினக் குறியீடு, 30 முதல் 70-க்குள் இருந்தால் ஏற்கலாம். 22-லிருந்து 9-ஐக் கழித்து, இரண்டால் பெருக்கி, 54-ஆல் வகுத்தால் 0.48: பிரித்தறியும் குறியீடு, மிக நல்ல கேள்வி. மேல் குழுவில் 12, கீழ்க் குழுவில் 15 என்று வந்தால் குறியீடு மைனஸ் 0.11. நன்றாகப் படித்தவர்கள் தப்பு செய்து, படிக்காதவர்கள் சரியாகப் போட்டிருக்கிறார்கள். பத்தில் ஒன்பது முறை சரியான விடை என்று குறித்துவைத்த கீ தப்பு, அல்லது இரண்டு விடை சரியாக இருக்கும். 5 சதவீதத்துக்கும் குறைவானவர்கள் தேர்ந்தெடுத்த தப்பு விடை சும்மா இடத்தை அடைக்கிறது. மாற்றுங்கள், இல்லை எடுத்துவிடுங்கள்.

கற்பிக்கும் முறைகளில் மைக்ரோ டீச்சிங் எல்லோரையும் சங்கடப்படுத்தும் பகுதி. 5 முதல் 7 நிமிடப் பாடம், ஒரே ஒரு திறமை, வீடியோ, கருத்து, மறுபடி அதே பாடம். மொத்த லெக்சரையும் 7 நிமிடத்தில் அடைக்கப் பார்ப்பதுதான் வழக்கமான தப்பு. கேள்வி கேட்பதைப் பழகுகிறீர்கள் என்றால் அதை மட்டும் செய்யுங்கள். கேட்டபின் வாயை மூடிக்கொண்டு ஐந்து விநாடி காத்திருக்கிறீர்களா என்று வீடியோவில் பாருங்கள். ஓபியில் நேரமே இல்லாதவர்களுக்கு ஒரு நிமிட வழிகாட்டி முறை உதவும்: இன்டர்னிடம் "உன் டயக்னோசிஸ் என்ன" என்று ஒரு முடிவைச் சொல்ல வைப்பது, "எதை வைத்துச் சொல்கிறாய்" என்று தோண்டுவது, ஒரே ஒரு பொது விதியைச் சொல்வது, சரியாகச் செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்வது, தப்பைத் திருத்துவது. நம் ஊரில் நான்காவது படி எப்போதும் காணாமல் போகும்.

பிரதிபலிப்புக் கட்டுரை என்று ஒன்று கேட்பார்கள். கேஸ் ஷீட் எழுதிப் பழகிய கை அங்கே தடுமாறும். நடந்ததை முழுப் பக்கம் விவரித்துவிட்டு, கடைசி வரியில் "இதிலிருந்து நிறையக் கற்றேன்" என்று முடிப்பார்கள். மதிப்பெண் அதற்கு இல்லை. நடந்தது கால் பங்கு, ஏன் நடந்தது என்பது பாதி, அடுத்த வகுப்பில் எதை மாற்றுவேன் என்பது கால் பங்கு என்று பிரித்து எழுதுங்கள்.

ஆய்வு: பெரும்பாலோர் இடறும் இடம்

எம்எச்பிஇ ஆய்வுகளில் அதிகம் வரும் வடிவம் முன்தேர்வு, ஒரு வகுப்பு, பின்தேர்வு, புள்ளியியல் சோதனையில் பி மதிப்பு 0.001-க்குக் கீழே. இதில் பயன் இல்லை. எந்த வகுப்பு எடுத்தாலும் உடனே தேர்வு வைத்தால் மதிப்பெண் கூடத்தான் செய்யும். கூடவே "92 சதவீத மாணவர்கள் இந்த முறை பயனுள்ளது என்றனர்" என்று ஒரு வரி வரும். மதிப்பெண் போடுபவரே கேட்டால் வேறென்ன சொல்வார்கள்? பயிற்சியின் பலனை அளக்கும் கிர்க்பாட்ரிக்கின் நான்கு நிலைகளில் பிடித்ததா என்பது முதல் நிலை, கற்றாரா என்பது இரண்டாவது, வேலையில் நடத்தை மாறியதா என்பது மூன்றாவது, நோயாளிக்கோ அமைப்புக்கோ பலன் உண்டா என்பது நான்காவது. உங்கள் திட்டம் மூன்றாம் நிலையை ஒரு மூலையிலாவது தொடட்டும்.

டிரிப் ரேட்டை வைத்து இப்படிச் செய்யலாம். 60 மாணவிகள், போஸ்டிங் குழுப்படி 30, 30. ஒரு குழுவுக்கு வழக்கமான வகுப்பு. இன்னொன்றுக்கு அதே ஒரு மணி நேரம் ஸ்கில் லேபில், கவரைப் படித்து, அரை நிமிடம் எண்ணிப் பழகுவது. இரண்டு குழுவுக்கும் முடித்தவுடன் ஒருமுறை, 6 வாரம் கழித்து ஒருமுறை அதே ஸ்டேஷன். தேர்வாளருக்கு யார் எந்தக் குழு என்று தெரியக்கூடாது. ஹாஸ்டலில் இரவோடு இரவாக ஒரு குழு மற்றொன்றுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும். ஆகவே இரண்டு குழுவின் வகுப்பையும் ஒரே நாளில் வைத்து, முதல் ஸ்டேஷனையும் அன்றே முடியுங்கள். 6 வாரத் தேர்வில் கலப்பு இருக்கும் என்பதை அறிக்கையில் ஒளிக்காமல் எழுதுங்கள். ஆய்வு முடிந்ததும் வழக்கமான வகுப்புக் குழுவுக்கும் லேப் பயிற்சி தர வேண்டும், அது நியாயம்; எத்திக்ஸ் கமிட்டியும் கேட்கும்.

எத்திக்ஸ் கமிட்டி பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு: கற்பித்தல் ஆய்வுக்கு அனுமதி வேண்டாம் என்று. ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்களில் கற்பிக்கும் முறைகளை ஒப்பிடும் ஆய்வுகள் விலக்குக் கேட்கக்கூடிய வகையில் வருகின்றன, உண்மைதான். ஆனால் விலக்கு என்று முடிவு செய்ய வேண்டியது கமிட்டி, நீங்கள் இல்லை. விண்ணப்பித்து, விலக்குக் கடிதத்தைக் கையில் வாங்காமல் ஒரு மாணவியிடமும் தரவு எடுக்காதீர்கள். பின்தேதியிட்டு அனுமதி கிடைக்காது, அனுமதி எண் இல்லாத கட்டுரையை நல்ல ஜர்னல்கள் திறந்துகூடப் பார்க்காது. உங்கள் மாணவிக்கு உங்களிடம் "மாட்டேன்" என்று சொல்லும் தைரியம் இருக்காது என்பதை மனதில் வைத்து, சம்மதப் படிவத்தை இன்டர்னல் மார்க் போடாத ஒருவரை வைத்து வாங்குங்கள். ஆய்வு மதிப்பெண் இன்டர்னலில் சேராது என்பதைப் படிவத்திலேயே எழுதுங்கள்.

கேள்வித்தாள் தயாரித்தால் அதை நேராக மாணவர்களிடம் நீட்டாதீர்கள். ஐந்தாறு அனுபவசாலிகளிடம் ஒவ்வொரு வரியும் தேவையா என்று கேளுங்கள். மூன்று நான்கு மாணவர்களை உட்காரவைத்து, வரியைப் படித்து என்ன புரிகிறது என்று சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதிய பாதி வரிகளுக்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டிருப்பது அங்கே தெரியும். பிறகு சிறு குழுவில் ஒத்திகை. கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரோன்பாக் ஆல்ஃபா 0.7-க்கும் 0.9-க்கும் நடுவில் வந்தால் சரி. 0.95 தாண்டினால் ஒரே கேள்வியைத்தான் ஐந்து விதமாகக் கேட்டிருக்கிறீர்கள்.

குழு உரையாடல் வைப்பதாக இருந்தால் 6 முதல் 8 பேர், ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம், ஒலிப்பதிவு. நடத்துபவர் நீங்களாக இருக்கக்கூடாது. மாணவிகள் தமிழில் பேசினால் தமிழிலேயே எழுத்தாக்கி, தமிழிலேயே கருத்து வாரியாகக் குறியிடுங்கள். கட்டுரைக்கு எடுக்கும் மேற்கோள்களை மட்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். முதலிலேயே மொழிபெயர்த்தால் "பயமா இருந்துச்சு, ஆனா சிஸ்டர் பக்கத்துல நின்னாங்க" என்பதில் இருக்கும் பாதி விஷயம் போய்விடும்.

காலத்திட்டம் போடும்போது காலண்டரில் முதலில் குறிக்க வேண்டியது மாணவர்களின் போஸ்டிங் தேதிகளும் பல்கலைக்கழகத் தேர்வுகளும். மூன்று மாதம் கேள்வியைக் கூர்தீட்டவும் வாசிக்கவும், இரண்டு மாதம் ஆய்வு நெறிமுறை (புரோட்டோகால்) எழுதி அனுமதி வாங்க, இரண்டு மாதம் ஒத்திகை, நான்கு மாதம் தரவு, மீதி எழுத. எத்திக்ஸ் கமிட்டி இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும் கல்லூரிகளில் ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால், அந்த பேட்ச் போஸ்டிங்கை முடித்துப் போய்விடும். பிறகு அடுத்த பேட்சுக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதுதான்.

கட்டுரையாக்கும்போது

பதவி உயர்வுக்குக் கட்டுரை கணக்கில் வர வேண்டுமானால், 2022 விதிகள் மெட்லைன், பப்மெட் சென்ட்ரல், ஸ்கோபஸ், எம்பேஸ், டிஓஏஜே போன்ற பட்டியல்களில் உள்ள ஜர்னலைக் கேட்டன. கட்டுரையை எழுதிய முதல் மூன்று ஆசிரியர்களில் ஒருவராகவோ தொடர்பு ஆசிரியராகவோ இருக்க வேண்டும் என்றும் சொல்லின. ஜர்னலின் இணையப் பக்கத்தில் இருக்கும் லோகோவை நம்பாமல், அந்தந்தப் பட்டியலுக்குள் நேராகப் போய்ப் பெயரைத் தேடுங்கள். பத்து நாளில் அச்சேற்றித் தருகிறோம், பணம் மட்டும் அனுப்புங்கள் என்று மெயில் வந்தால் அழித்துவிடுங்கள்.

யார் முதல் ஆசிரியர், யார் தொடர்பு ஆசிரியர், லேபில் உழைத்த ட்யூட்டரின் பெயர் எங்கே வரும், புள்ளியியல் போட்டவருக்கு இடம் உண்டா என்பதை நெறிமுறை எழுதும் நாளிலேயே ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். துறைத்தலைவரின் கையெழுத்தை முதலில் வாங்குங்கள். மற்றவர்கள் தாமாகவே போடுவார்கள்.